பிரசங்க பீடத்தில் ஒரு நீதிமன்றம்

மீட்பின் இரகசியத்தைச் சபையாருக்கு விளக்க நம் போதகர்கள் பெரிதும் கையாளும் உவமை ஒன்று உண்டு. நீதிபதி ஒருவர் ஆசனத்தில் வீற்றிருக்கிறார். கூண்டில் நிற்பவன் அவருடைய பால்ய நண்பன். மகன் என்று கூறுவாரும் உளர். நீதிபதி சட்டம் கோரும் முழு அபராதத்தையும் விதிக்கிறார். பின்னர்த் தம் அங்கியைக் களைந்து, ஆசனத்தை விட்டு இறங்கி வந்து, தம் சொந்தப் பணத்தைக் கொண்டு அந்த அபராதத்தைத் தாமே செலுத்துகிறார். பிரசங்கியார் இவ்விடத்தில் சற்று நிறுத்துவார். சபையாரின் கண்கள் கலங்கும்.

உவமையைச் சொல்வோரின் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும், தலைமுறை தலைமுறையாக இதனைக் கேட்டு வளர்ந்த நம் சபையார், கிறிஸ்துவின் மீட்பைப் பற்றி மட்டுமன்றி, நீதிமன்றத்தைப் பற்றியும் இதிலிருந்தே பாடம் கற்றிருக்கின்றனர். அப்பாடம் சரியானதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. குற்றவியல் நீதிமுறையின் முதன்மையான சொற்களையும் கோட்பாடுகளையும் நம் இறையியல் மொழியின் அருகில் வைத்துப் பார்த்தால், நாம் திருத்திக் கொள்ள வேண்டியவை பல உள என்பது விளங்கும்.

1. உவமையின் குறைகள்

முதலாவது, தன் நண்பனின் வழக்கை விசாரிக்கும் நீதிபதி தொடக்கத்திலேயே தவறிழைக்கிறார். எவரும் தமக்குத் தொடர்புடைய வழக்கில் நீதிபதியாயிருத்தல் கூடாது என்பது இயற்கை நீதியின் முதற்கோட்பாடு. நேர்மையுள்ள நீதிபதி அவ்வழக்கை வேறொருவரிடம் ஒப்படைத்து விலகிக் கொள்வார்.

இரண்டாவது, இக்கதையில் விசாரணை என்பதே இல்லை. சாட்சியும் இல்லை, எதிர்வாதமும் இல்லை. கூண்டில் நிற்பவன் குற்றவாளி என்பது முதல் வரியிலேயே முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, அபராதத்தை எவரும் எவருக்காகவும் செலுத்தலாம். சிறைத் தண்டனையையோ மரண தண்டனையையோ ஒருவருக்காக வேறொருவர் அனுபவிக்கச் சட்டம் இடங்கொடாது. குற்றப்பொறுப்பு அவரவர்க்கே உரியது. உபாகமம் 24:16-உம் எசேக்கியேல் 18-ஆம் அதிகாரமும் இதனையே வலியுறுத்துகின்றன. உவமை சொல்வோர் மரணத்தை விட்டு அபராதத்தைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் இதுவே. ஆனால் சிலுவையில் நிகழ்ந்தது அபராதம் செலுத்தும் செயலன்று. அது ஒரு மரணம்.

நான்காவது குறையே மிகப் பெரியது. அநீதி இழைக்கப்பட்டவர் இக்கதையில் எங்கும் காணப்படவில்லை. களவு கொடுத்தவரோ, அடிபட்டவரோ, தன் மகனை இழந்த தாயோ அந்த நீதிமன்றத்தில் இல்லை. நீதிபதியும் நண்பனும் தழுவிக் கொள்ளும் வேளையில், லூக்கா 18-ஆம் அதிகாரத்தின் விதவை வெளியே நின்று கொண்டிருக்கிறாள்.

2. சொற்களைப் பற்றி

குற்றவியல் நீதியின் வாசல் ஒரு சொல் வேறுபாட்டில் அமைந்துள்ளது. குற்றஞ்சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு. நீதிமன்றம் சாட்சியங்களை ஆராய்ந்து தீர்ப்புரைக்கும் வரை ஒருவர் முன்னவரே. அதுவரை அவர் குற்றமற்றவர் என்றே கொள்ளப்படுவார். குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை வழக்குத் தொடுக்கும் அரசைச் சார்ந்தது. தம் குற்றமின்மையை மெய்ப்பிக்கும் கடமை அவருக்கு இல்லை. நியாயமான ஐயம் எஞ்சுமானால் அதன் பயன் அவரையே சேரும். இவ்விதிகளுக்குச் சட்டம் சில விலக்குகளை வகுத்துள்ளது எனினும், பொதுவிதி இதுவே.

நம் பேச்சு வழக்கு இதற்கு ஒத்து வரவில்லை. நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர் நிற்கும் இடத்தைத் தமிழில் ‘குற்றவாளிக் கூண்டு’ என்றே வழங்கி வருகிறோம். விசாரணை தொடங்கும் முன்னரே பெயர் தீர்ப்பளித்து விடுகிறது. விசாரணைக் கைதியும் தண்டனைக் கைதியும் நம் மக்களின் வாயில் ‘ஜெயிலுக்குப் போனவர்’ என்ற ஒரே பெயர் பெறுகின்றனர்.

இவ்வகையில் காரைக்கால் கடற்கரை மீனவக் குடும்பங்கள் அக்கரையிலிருந்து ஒரு நல்ல சொல்லை அறிந்திருக்கின்றன. கடல் எல்லையைத் தாண்டினர் என்று இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்படும் மீனவர்கள் அந்நாட்டு நீதவான் முன் நிறுத்தப்படும்போது, ‘விளக்கமறியலில் வைக்கப்பட்டனர்’ என்று செய்தி வருகிறது. இலங்கைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் பிடிபட்டவரைச் ‘சந்தேகநபர்’ என்றே குறிப்பிடும். விளக்கம் முடியும் வரை மறித்து வைத்தல் என்னும் பொருள் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. தன் மகன் விளக்கமறியலில் உள்ளான் என்று சொல்லும் தாய், அவன் தண்டிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறாள். நம் ஆலயங்களின் வேண்டுதல்களில் ‘சிறைப்பட்டோர்’ என்று பொதுவாகச் சொல்லிக் கடந்து விடும் நாம், இவ்வேறுபாட்டைக் கருத வேண்டும்.

‘விடுதலை’ என்னும் சொல்லும் இத்தகையதே. சட்டத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்படாமையால் விடுவிக்கப்படுதலும் விடுதலை. தண்டனை முடிந்து வெளிவருதலும் விடுதலை. நம் இறையியலிலோ பாவத்தின் அடிமைத்தனத்தினின்று மீட்கப்படுதல் விடுதலை. மூன்றையும் ஒன்றாக்கிப் பேசும் பிரசங்கம், நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவனை ‘மன்னிப்புப் பெற்ற குற்றவாளி’ என்று எண்ணச் செய்கிறது. அவனுக்கு மன்னிக்க அங்கே ஒன்றும் இல்லை. அவனுக்கு அளிக்கப்பட்டது நீதியே.

3. காரைக்கால் கண்ட சட்டங்கள்

இக்கோட்பாடுகள் ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்துக்கு மட்டும் உரியவை என்று எண்ணுவோருக்குக் காரைக்காலின் வரலாறு விடை கூறும். 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசம் வந்த இப்பகுதி, 1954 நவம்பர் 1-ஆம் நாள் இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-இல் நிறைவேறியது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1963 அக்டோபர் 1 முதல் இங்கு நடைமுறைக்கு வந்தது. வேறு பல சட்டங்கள் 1968-ஆம் ஆண்டின் சட்டத்தால் நீட்டிக்கப்பட்டன. 2024 ஜூலை 1 முதல், நாடெங்கும் போலவே, பாரதிய நியாய சன்ஹிதாவும் அதனுடன் வந்த நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் பழையவற்றின் இடத்தைப் பெற்றுள்ளன. ஆகவே இவ்வூரின் முதியோர் தம் வாழ்நாளில் மூன்று குற்றவியல் சட்டத் தொகுதிகளைக் கண்டவர்கள்.

பிரெஞ்சு முறையில் விசாரணை நீதிபதியே சான்றுகளைத் தேடித் திரட்டுவார். பெருங்குற்ற வழக்குகளில் தீர்ப்பளிப்போர் தம் உள்ளார்ந்த நம்பிக்கையைக் கொண்டு முடிவு செய்வர். ஆங்கிலேயர் வகுத்த முறையில் காவல் துறை புலனாய்வு செய்யும். அரசு வழக்கறிஞரும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் வாதிடுவர். நீதிபதி இருவருக்கும் நடுவில் நிற்பார். முறைகள் இவ்வளவு வேறுபட்டும் அடிப்படை ஒன்றாயிருத்தலைக் காண்க. ஒருவர் குற்றவாளி என்று தீர்க்கப்படும் வரை குற்றமற்றவராகவே கொள்ளப்பட வேண்டும் என்பதை 1789-ஆம் ஆண்டின் பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனம் தன் 9-ஆம் பிரிவில் கூறிற்று. ஆங்கிலச் சட்டத்தின் வழிவந்த நீதிமன்றங்களும் அதனையே பொன்னிழையாகப் போற்றுகின்றன. நம் அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவு ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிப்பதையும், ஒருவரைத் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதையும் விலக்குகின்றது. 22-ஆம் பிரிவு, கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் அறிவிக்கப்பட வேண்டும் என்றும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமை வேண்டும் என்றும், 24 மணி நேரத்துக்குள் அவர் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்பட வேண்டும் என்றும் விதிக்கின்றது.

புதிய சட்டத்தின் பெயரில் ‘தண்டனை’ என்னும் சொல் நீங்கி ‘நியாயம்’ என்னும் சொல் அமைந்துள்ளது. நியாயப்பிரமாணம், நியாயாதிபதி, நியாயத்தீர்ப்பு என்று வாசித்துப் பழகிய நமக்கு அச்சொல் அந்நியமானதன்று. பெயருக்கேற்ற நடைமுறை உண்டா என்பதே வினா. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த ஏறத்தாழ 5 இலட்சத்து 73 ஆயிரம் பேரில், 4 இலட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்றப் பதிவகத்தின் அறிக்கை காட்டுகின்றது. நால்வரில் மூவர் இன்னும் தீர்ப்புப் பெறாதவர். தாம் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்குரிய உச்சத் தண்டனைக் காலத்தையும் கடந்து விசாரணையின்றிப் பீகார்ச் சிறைகளில் கிடந்தோரின் வழக்கில், விரைவான விசாரணை வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்சநீதிமன்றம் 1979-இல் தீர்ப்பளித்தது. பிணையே விதி, சிறை விலக்கு என்னும் கருத்தை நீதிபதி கிருஷ்ண ஐயர் 1977-இலேயே வெளியிட்டிருந்தார். இருந்தும், ஜாமீனுக்குச் சொத்துக் காட்ட இயலாத ஏழை உள்ளேயே இருக்கிறான். எபிரெயர் 7:22 நம் ஆண்டவரைப் பிணையாளி என்று அழைப்பதை அடிக்கடி எடுத்துரைக்கும் நமக்கு, பிணையாளி கிடைக்காத மனிதனைப் பற்றியும் எண்ணம் வர வேண்டும்.

4. திருமறையின் சாட்சி

மேற்கண்டவை உலகச் சட்டங்களே, இவற்றுக்கும் திருமறைக்கும் தொடர்பென்ன என்று மாணவர் சிலர் வினவக்கூடும். திருமறை இவற்றை நமக்கு முன்னரே கற்பித்துள்ளது. ஒரே சாட்சியின் வாக்கைக் கொண்டு எவரையும் குற்றவாளியாக்கலாகாது என்பது உபாகமம் 19:15. பொய்ச்சாட்சி, தான் பிறனுக்கு நினைத்த தண்டனையைத் தானே அடைய வேண்டும் என்பது அதன் தொடர்ச்சி. வழக்கில் முதலில் பேசுபவன் நியாயமுள்ளவனாகத் தோன்றுவான், எதிராளி வந்து ஆராயும் வரையிலுமே என்று நீதிமொழிகள் 18:17 எச்சரிக்கின்றது. விசாரியாமல் கோவலனைக் கொல்வித்த பாண்டியனின் வரலாற்றை அறிந்த தமிழருக்கு இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. நாபோத்தின் வழக்கிலோ சாட்சி இருவர் இருந்தனர், சட்டத்தின் வடிவம் காக்கப்பட்டது, நீதி கொல்லப்பட்டது. வடிவம் மட்டும் போதாது என்பதற்கு 1 இராஜாக்கள் 21-ஐவிடச் சிறந்த பாடம் இல்லை.

நம் ஆண்டவரின் விசாரணையைச் சட்ட நோக்கில் வாசிப்போர் சிலரே. யோவான் 7-இல், ஒருவனுடைய வாக்கைக் கேளாமலும் அவன் செய்கையை அறியாமலும் தீர்ப்பிடுதல் முறையா என்று நிக்கொதேமு சங்கத்தினரைக் கேட்கிறார். கிடைத்த மறுமொழி ஏளனமே. மாற்கு 14-இல் சாட்சிகளின் சொற்கள் ஒன்றோடொன்று ஒவ்வாமற் போகின்றன. வழக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பிரதான ஆசாரியன் குற்றஞ்சாட்டப்பட்டவரையே நேராக வினவி, அவர் வாயின் சொல்லையே அவருக்கு எதிரான சான்றாகக் கொள்கிறான். யோவான் நற்செய்தியில் பிலாத்து மும்முறை அவரிடம் குற்றம் காணவில்லை என்று அறிவித்த பின்னரும் ஒப்புக்கொடுக்கிறான். அப்போஸ்தலர் 25:16-இல் பெஸ்து என்னும் புறவினத்து அதிகாரியோ, குற்றஞ்சாட்டினவர்களை நேருக்கு நேர் சந்தித்து மறுமொழி கூற வாய்ப்பளிக்குமுன் ஒருவனை ஒப்புக்கொடுப்பது ரோமரின் முறையன்று என்கிறான். குற்றவியல் நீதியின் இதயமான கோட்பாட்டை, பவுலின் பொருட்டு, விசுவாசியல்லாத ஒருவன் வாயில் லூக்கா வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது.

இனி நம் இறையியலின் நடுநாயகமான சொல்லுக்கு வருவோம். துன்மார்க்கனை நீதிமானாக்குதலும் நீதிமானைக் குற்றவாளியாக்குதலும் கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 17:15 கூறுகின்றது. ரோமர் 4:5-இலோ, பக்தியற்றவனை நீதிமானாக்குகிறவரே தேவன் என்று பவுல் எழுதுகிறார். நியாயாதிபதிக்கு விலக்கப்பட்டதையே தேவன் செய்கிறார்! இது தற்செயலான சொல் ஒற்றுமையன்று. யாத்திராகமம் 23:7-ஐக் கிரேக்கத்தில் பெயர்த்த செப்துவகிந்தில், பக்தியற்றவனை நீதிமானாக்காதே என்ற பொருளில் எந்த வினைச்சொல்லும் எந்தப் பெயர்ச்சொல்லும் வருகின்றனவோ, அவ்விரண்டையுமே பவுல் ரோமர் 4:5-இல் சேர்த்து ஆள்கிறார். தம் வாசகர் திடுக்கிட வேண்டும் என்றே அப்போஸ்தலர் அவ்வாறு எழுதினார் எனக் கொள்ள இடமுண்டு.

இதிலிருந்து பெறப்படுவது யாது? நற்செய்தி நீதிமன்ற நடைமுறையின் நகலன்று. தேவன் ஒருவரே, தம் குமாரனின் மரணத்தில் தாமே விலை கொடுத்து, எந்த மனித நியாயாதிபதியும் செய்யத் துணியலாகாத ஒன்றைச் செய்தார். பிரசங்க பீடத்து உவமை இவ்வதிர்ச்சியை மழுங்கச் செய்து, தேவனை நண்பனுக்கு இரங்கிய ஒரு நல்ல நீதிபதியாகக் குறுக்கி விடுகிறது. மனித நீதிமன்றத்தையும் அது கெடுக்கிறது. கிருபையையும் அது குறைக்கிறது. மேலும், கிருபையின் பெயரால் மனித நீதிமன்றத்தில் முறைகேட்டை நாம் கேட்கவும் முடியாது. செல்வாக்குள்ள சபையார் ஒருவருக்காக அதிகாரிகளிடம் ‘ஒரு வார்த்தை சொல்லும்படி’ போதகரை நாடி வருவோருக்கு நாம் கூற வேண்டிய மறுமொழி யாத்திராகமம் 23-இல் உள்ளது.

5. இக்கரையின் இரு கைதிகள்

காரைக்காலுக்கு வடக்கே, இதே கடற்கரையில் உள்ளது தரங்கம்பாடி. 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர் 1708-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அதே ஆண்டின் இறுதியில், ஒரு தமிழ் விதவையின் கடன் வழக்கில் அவர் குறுக்கிட்டதைத் தொடர்ந்து, டேனிய ஆளுநர் ஹாசியஸின் கட்டளையால் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். ஏறத்தாழ நான்கு மாதம் கழித்தே வெளிவந்தார். 1715-இல் அச்சேறிய நம் முதல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டில், பவுலும் சீலாவும் காவலில் இருந்த வரலாற்றைத் தமிழாக்கியவர் சிறையின் உட்புறத்தைக் கண்டவர். அச்சமயத்தில் தரங்கம்பாடியில் அவரைக் கலகக்காரர் என்று எண்ணியோரும் இருந்தனர். நம் திருச்சபையின் தந்தை ஒரு காலத்தில் ‘ஜெயிலுக்குப் போனவர்’ என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மற்றவர் புதுச்சேரி நயினியப்ப பிள்ளை. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராயிருந்த இவர், நாட்குறிப்புப் புகழ் ஆனந்தரங்கப் பிள்ளையின் உறவினர். 1716-இல் ஆளுநர் எபேர் இவரைக் கைது செய்வித்தார். கொடுமை செய்தார், கலகம் விளைவித்தார் என்பன குற்றச்சாட்டுகள். 50 கசையடியும் 3 ஆண்டுச் சிறையும் பெரும் அபராதமும் விதிக்கப்பட்டன. 1717-இல் சிறையிலேயே இறந்தார். அவருடைய வழக்கின் சாட்சியங்கள் தமிழில் கூறப்பட்டுப் போர்த்துகீசிய மொழி வழியாகப் பிரெஞ்சில் எழுதப்பட்டன. சாட்சிகள் தமக்குத் தெரியாத மொழியில் அமைந்த தாளில் கையொப்பமிட்டனர். சாட்சிகளை எதிர்கொள்ளத் தக்க வாய்ப்புத் தரப்படவில்லை என்பது அவர் தரப்பின் முறையீடு. பின்னர்ப் பிரான்சில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. ஆனால் மாண்டவர் மாண்டவரே.

இதில் நம் கவனத்துக்குரியது யாதெனில், கிறிஸ்தவரல்லாத ஒருவர் அப்பதவியில் இருத்தல் கூடாது என்று இயேசு சபையார் பல ஆண்டுகளாக வற்புறுத்தி வந்தனர் என்பதும், அவர் வீழ்ந்தபின் அவ்விடத்தில் ஒரு கிறிஸ்தவர் அமர்த்தப்பட்டார் என்பதுமாகும். அது கத்தோலிக்கர் செயல் என்று கூறி நாம் ஒதுங்கிவிட முடியாது. ஒரு மனிதனின் வீழ்ச்சியால் திருச்சபைக்கு ஆதாயம் உண்டாகும்போது, அவன் வழக்கின் நேர்மையைப் பற்றி நாம் கேட்கத் தவறுகிறோமா என்பதே அவ்வரலாறு எல்லாச் சபைகளுக்கும் விடுக்கும் வினா. சபைத் தேர்தல் தகராறுகளில் எதிர்த்தரப்பினர்மேல் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இல்லாமற் போகவில்லை.

6. வெண்மணி எழுப்பும் மறுப்பு

இக்கோட்பாடுகளுக்கு எதிராக இம்மண்ணிலிருந்தே ஒரு வலிமையான மறுப்பு எழுகின்றது. அதற்குச் செவிகொடாமல் கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

1968 டிசம்பர் 25. கிறிஸ்து பிறப்பின் ஆராதனையை நாம் முடித்து வீடு திரும்பிய நாள். அன்றிரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். 1970-இல் விசாரணை நீதிமன்றம் நிலவுடைமையாளர் சிலருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. 1970-களில் மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. சொந்தக் கார் வைத்திருக்கும் பெருநிலக்கிழார்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பர் என்று நம்புதற்கில்லை என்ற கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. அதே நிகழ்வுகளின் தொடர்பில் நிலக்கிழார் தரப்பைச் சேர்ந்த ஒருவர் கொலையுண்ட வழக்கில் தொழிலாளர்கள் தண்டனை பெற்றனர்.

‘ஐயத்தின் பயன்’ என்னும் கோட்பாடு செல்வருக்கு அரணாகவும் ஏழைக்கு எட்டாக் கனியாகவும் இருந்தால், அதனைத் திருச்சபை ஏன் போற்ற வேண்டும் என்று கேட்பவருக்கு நாம் எளிதில் விடை கூற இயலாது. எனினும், வெண்மணியின் குறை அக்கோட்பாட்டில் இல்லை என்பது நம் கருத்து. கார் வைத்திருப்பவர் தீ வைக்கமாட்டார் என்பது ஐயமன்று, அது முகத்தாட்சிணியம். கூலியாளின் சொல்லை நிறுக்க ஒரு தராசும், நிலக்கிழாரின் சொல்லை நிறுக்க வேறொரு தராசும் அங்கே இருந்தன. சிறியவனுக்கு முகதாட்சிணியம் செய்யாமலும் பெரியவனின் முகத்துக்கு அஞ்சாமலும் நீதி செய்ய வேண்டும் என்பது லேவியராகமம் 19:15. ஏழையின் வழக்கில் அவன் நியாயத்தைப் புரட்டாதே என்பது யாத்திராகமம் 23:6. வெண்மணிக்குப் பரிகாரம் ஐயத்தின் பயனை எவருக்கும் மறுத்தலில் இல்லை. புலனாய்வு நேர்மையாக நடைபெறவும், சாட்சிகள் அச்சமின்றிப் பேசவும், அதே பயன் சேரியின் இளைஞனுக்கும் கிடைக்கவும் நாம் உழைப்பதே பரிகாரம். நீதிமன்றம் விடுவித்தது என்பதால் தேவனுக்கு முன்னான கணக்கு முடிந்துவிடுவதில்லை என்பதையும் பிரசங்க பீடம் அஞ்சாமல் கூறலாம். மனிதரின் தீர்ப்பு இறுதித் தீர்ப்பன்று என்பதே 44 பேரின் கல்லறையருகே நாம் சொல்லத்தக்க நம்பிக்கையாகும்.

7. அறிக்கையும் வாக்குமூலமும்

போதக ஊழியத்தில் மிகுந்த கவனம் வேண்டும் இடம் ஒன்றைக் குறித்து மாணவருக்குச் சில சொல்வது கடமை. நம் வழிபாட்டில் பாவ அறிக்கை மன்னிப்பின் வாசல். சட்டத்திலோ குற்ற ஒப்புதல் வாக்குமூலம் தண்டனைக்கு வாசலாகலாம். ஆதலின் சட்டம் அதனைப் பல வேலிகளுக்குள் வைத்துள்ளது. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் குற்றத்தை மெய்ப்பிக்கும் சான்றாகக் கொள்ளப்படுவதில்லை. நீதித்துறை நடுவர் முன் கொடுப்பதாயினும், அவ்வாறு கொடுக்க அவர் கடமைப்பட்டவர் அல்லர் என்றும், அது அவருக்கு எதிராகப் பயன்படலாம் என்றும் முன்னரே எச்சரிக்க வேண்டும்.

இதனை அறியாத போதகர், கைது செய்யப்பட்ட இளைஞனிடம் சென்று, ‘செய்ததை ஒத்துக்கொள், தேவன் மன்னிப்பார்’ என்று வற்புறுத்துவது நடக்கிறது. அவன் செய்யாதவனாயிருந்தால், அவ்வார்த்தை அவனை இரண்டாம் முறை சிறையிலிடுகிறது. செய்தவனாயிருந்தாலும், வழக்கறிஞரைக் காணும் முன் அவன் தன் வாயால் எதையும் எவரிடமும் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன். மேலும், வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்கு நம் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு, போதகரிடம் சொல்லப்படுவதற்குத் தரப்படவில்லை. நீதிமன்றம் அழைத்தால் போதகர் சாட்சிக் கூண்டில் ஏற நேரிடலாம். ஆகவே, தேவனோடு ஒப்புரவாகும்படி அவனை அழைக்கும் நாம், வழக்கின் விவரங்களைத் தோண்டிக் கேட்டல் தகாது. அவனுக்கு முதலில் வேண்டியவர் வழக்கறிஞர். பொருளற்றவருக்கு இலவசச் சட்ட உதவி அளிக்க 1987-ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் அமைந்துள்ளன. அவற்றின் அலுவலகம் தம் ஊரில் எங்குள்ளது என்பதை ஒவ்வொரு போதகரும் அறிந்திருத்தல் வேண்டும்.

முடிவுரை

பிரசங்க மொழியில் நாம் செய்யத்தக்க திருத்தங்கள் சிலவே. கூண்டில் நிற்பவரைக் ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’ என்று சொல்லப் பழகுவோம். பொது வேண்டுதலில் விசாரணைக் கைதிகளையும் தண்டனைக் கைதிகளையும் அநீதிக்குள்ளானோரையும் தனித்தனியே நினைவுகூர்வோம். சபையில் ஒருவர்மேல் வழக்கு வந்தால், தீர்ப்புக்கு முன் அவர் குடும்பத்தாரைப் பாடகர் குழுவினின்றும் ஓய்வுநாள் பள்ளியினின்றும் விலக்கி வைக்கும் வழக்கத்தைக் கைவிடுவோம். காரைக்காலிலிருந்து காலாப்பட்டு மத்திய சிறைக்குச் செல்லும் தாய், நூறு கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் பயணம் செய்கிறாள். அவளோடு சபையிலிருந்து ஒருவர் உடன் செல்லலாம். மத்தேயு 25-இல் நம் ஆண்டவர் காவலில் இருந்தோரைக் குறித்துப் பேசும்போது, அவர்கள் குற்றவாளிகளா அல்லரா என்று பிரித்துச் சொல்லவில்லை.

பழைய உவமையைப் பொறுத்தவரை, அதனை இனி விட்டுவிடலாம் என்பதே நம் பரிந்துரை. அதற்கு ஈடாக வேறொரு கதையைப் புனைய வேண்டுவதில்லை. ஆண்டவர் தாமே ஒரு விசாரணைக் கைதியாக நின்றார். சாட்சிகள் ஒவ்வாத வழக்கில், குற்றம் காணாத அதிகாரியால், ஒப்புக்கொடுக்கப்பட்டார். அந்நீதிக்கேட்டின் நடுவே தேவன் பக்தியற்றவரை நீதிமானாக்கினார். இதனை உள்ளபடி எடுத்துரைத்தாலே போதும். அதனைக் கேட்டுச் செல்லும் சபையார், மறுநாள் நீதிமன்ற வாசலில் கைவிலங்குடன் ஒருவன் இறங்கக் காணும்போது, அவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லச் சற்றுத் தயங்குவார்களாயின், நம் பிரசங்கம் பயன் தந்தது எனலாம்.